புதுப்பிப்பு: ரப்பர் ஷீட் கணக்கு காணாம போனது ஏன்னு தெரிஞ்சிட்டு

போன வாரம் பொலம்பிருந்தேன்லா, குலசேகரத்துல மாமா தோட்டத்து ஷீட் கணக்க எழுத பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழில ஒரு ப்ரோக்ராம் போட்டேன், தெனமும் நேத்துள்ள கணக்கு அழிஞ்சு போவுதுன்னு. ஃபைல 'டபிள்யூ' (w, புதுசா எழுதுத) மோடுல திறந்ததுதான் வினை, அது திறந்த ஒடனேயே உள்ள இருக்கத பூரா தொடச்சிரும், நீங்க சொன்ன மாதிரி 'ஏ'ன்னு (a, கடைசில சேக்குத மோடு) மாத்துனதும் கடைசி வரிக்கு கீழ ஒழுங்கா சேருது.

அப்புறம் அடுத்த கூத்து. பால் வெட்டுத மூணு பேருக்கும் ஒரே கிளாஸ்ல (அச்சு மாதிரி) இருந்து ஆளுக்கொரு ஆப்ஜெக்ட் (அந்த அச்சுல எடுத்த தனி கணக்கு), ஆனா 9 ஷீட் அடிச்சவருக்கு 34ன்னு காட்டுது! மூணு பேரு கணக்கும் ஒண்ணா கெடக்கு. ரெண்டு ராத்திரி முழிச்சு பாத்தா, லிஸ்ட்ட கிளாஸுக்கு நேர் கீழ எழுதி வச்சிருக்கேன், அப்போ எல்லா ஆப்ஜெக்ட்டும் அந்த ஒரே லிஸ்ட்டுலதான் போய் கொட்டும். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் உருவாகும்போ ஓடுத இனிட்டுக்குள்ள (__init__), அந்த ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும் சொந்தம்னு செல்ஃப் டாட் (self.) போட்டு லிஸ்ட்ட நகத்துனேன், சரியாயிட்டு.

தமிழ்ல பேரு எழுதுனா விண்டோஸ்ல எரர் வந்ததுக்கு ஃபைல திறக்குத ஓப்பன்ல (open) என்கோடிங், அதாவது எழுத்த சேமிக்குத முறை, யுடிஎஃப்-8ன்னு குடுத்தா போதும்.

மாமாட்ட பெருமையா காட்டுனேன். "செரி மக்கா, இதுல ஒட்டுபாலு எங்க?"ன்னு (மரத்துலயும் செரட்டையிலயும் ஒட்டி காஞ்ச ரப்பர் பாலு, அத நான் ப்ரோக்ராம்ல சேக்கல) கேட்டுட்டு நோட்டுல எழுத போயிட்டாரு.