மொபைல் வீடியோ: முதலில் மேனுவல் மோடா, லைட்டா?

அடுப்பங்கரை:
வீட்டில் மொபைலை ஸ்டாண்டில் நிறுத்தி சமையல் வீடியோ எடுக்கிறேன். அடுப்புக்குப் பின்னால் ஜன்னல். பகலில் எடுத்தால் ஜன்னல் பளீரென்று தெரிகிறது, என் முகம் கறுத்துவிடுகிறது. ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தால் படம் முழுக்கக் கோடு கோடாக ஓடுகிறது. எல்லோரும் புது கேமரா வாங்கச் சொல்கிறார்கள். அவ்வளவு பணம் இல்லை. என்ன செய்யலாம்?

ஷட்டர்ராஜா:
கேமரா வேண்டாம் அக்கா, ஆட்டோவை விட்டு வெளியே வாருங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மட்டமான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படமும் வெளிச்சம் வாங்குகிற நேரம், அதோடு ஒத்துப்போகாவிட்டால் கோடு விழும். நொடிக்கு 25 ஃப்ரேம் (படம்), ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள், கோடு போய்விடும். 1/100 வைத்தாலும் சரி. 1/60 வேண்டாம். ப்ளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்தான், உங்கள் போனில் ஓடினால் எல்லாவற்றையும் அதிலேயே கையால் வைக்கலாம்.

ஜன்னலோரம்:
1/50 சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் புதிதாக எடுப்பவரிடம் முதலில் மேனுவல் கற்றுக்கொள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் முதலில் கேட்டது முகம் கறுப்பதைப் பற்றி. பெரும்பாலான போன்களில் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழைகிற லென்ஸ் துளையின் அளவை, மாற்றவே முடியாது. ஷட்டரை 1/50-ல் கட்டிப்போட்டாகிவிட்டது. மிச்சம் ஐஎஸ்ஓ ஒன்றுதான், வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்கிற எண். அதை முகத்துக்காக ஏற்றினால் ஜன்னல் வெளுத்துவிடும், ஜன்னலுக்காக இறக்கினால் முகம் போய்விடும். எந்த செட்டிங்கும் இதைத் தீர்க்காது. அம்மா, இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அதை மேசையில் வைத்து, ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வருகிற மாதிரி நில்லுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள். ஒரு பைசா செலவில்லை.

ஷட்டர்ராஜா:
லாக் செய்தால் போதுமா? ஆட்டோவில் போன் தானாக ஷட்டரைப் பிடிக்கும், பகல் வெளிச்சத்தில் 1/500 வரைகூடப் போகும், வெங்காயம் நறுக்குகிற கை வெட்டி வெட்டி நகரும். வெளிச்சத்தை லாக் செய்தாலும் எல்லா போனிலும் நிறம் லாக் ஆகாது. சாம்பாரில் மஞ்சள்தூள் விழுந்து பாத்திரம் திரையை நிறைத்ததும் நிறத்தைத் தானாகச் சரிசெய்கிற ஆட்டோ வொயிட் பேலன்ஸ் மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும், பக்கத்தில் இருக்கிற வெள்ளைத் தட்டு நீலம் பாயும். சமையல் வீடியோவில் நிறம் போனால் என்ன மிச்சம்? பகலில் வொயிட் பேலன்ஸை 5600 கெல்வின் என்று வைத்துவிட்டால் அசையாது.

கரிசல்:
இருவரும் தோலைப் பற்றிப் பேசவே இல்லை. முகத்துக்கு ஸீப்ரா (குறித்த பிரகாச சதவீதத்தை எட்டிய இடத்தில் திரையில் கோடு காட்டுகிற வசதி) 70-ல் வை என்று பல வீடியோக்களில் சொல்வது வெளிர் நிறத் தோலுக்கு வந்த பழக்கம். நம் மாநிறத்தையும் கறுப்பையும் 70-க்குத் தள்ளினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும், பின்னால் இருக்கிற சுவரும் வெளுத்துப் போகும். 50, 55 பக்கம் வையுங்கள், நிறம் உள்ளபடி வரும். தோலை வெளுக்கிற பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. கறுப்புத் தோல் அழகாகத் தெரிவது பெரிய, மென்மையான வெளிச்சம் அதில் பட்டு மினுங்கும்போதுதான். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள், நிழல் விழுந்த கன்னம் வெளிச்சம் பெற்றுத் தெளியும். 1956-ல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் பாய்ச்சித் திருப்பி எடுத்துத்தான் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். இதுவும் அதே வேலைதான்.

ஜன்னலோரம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். இன்னொன்று, தூரம். இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிற பல்பை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நாலு மடங்கு. ஐஎஸ்ஓ 1600 தேவைப்பட்ட இடத்தில் 400 போதும், புள்ளி புள்ளியாக இரைச்சல் வருவது கண்ணெதிரே குறையும். மெனுவில் எதைத் தொட்டாலும் இது கிடைக்காது.

ஷட்டர்ராஜா:
கிடைக்காதுதான். ஆனால் 1600 என்பது 400 ஆனதை அவர் எங்கே பார்ப்பார்? ஆட்டோவில் அந்த எண்ணே தெரியாது. விளக்கை நகர்த்தினோம், நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார், ஏன் என்று தெரியாது, அடுத்த வீட்டில் போய் எடுக்கும்போது மறுபடி திணறுவார். எண்ணைப் பார்த்துக்கொண்டே விளக்கை நகர்த்தட்டும், ஒரே மாலையில் இரண்டும் புரிந்துவிடும்.

அடுப்பங்கரை:
இண்டக்‌ஷன் இருக்கிறது, நாளைக் காலை ஜன்னலோரம் மேசை போடுகிறேன். தெர்மாகோலும் டிவி வந்த பெட்டியில் இருக்கிறது. அந்த ஆப்பையும் போட்டுப் பார்க்கிறேன். பகலில் டியூப்லைட் எரியட்டுமா, அணைக்கவா?

கரிசல்:
அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் பச்சை ஏறும், அதை எடிட்டிங்கில் எடுப்பது பெரும்பாடு.