சிட்ரேட் சிஆர்ஆர்டி: அயனி கால்சியம் இறங்குகிறது, மொத்த கால்சியம் இயல்பு என்கிறது ஆய்வகம், எதை நம்புவது?

குன்னூர், ஐசியு செவிலியர்:
வணக்கம். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு, இரத்த அழுத்தத்தைத் தாங்க நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், சிட்ரேட் முறையில் (இரத்தம் மெஷினில் உறையாமலிருக்க, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சிட்ரேட்டைக் கலந்து) சிஆர்ஆர்டி, அதாவது இடைவிடாமல் மெதுவாக ஓடும் டயாலிசிஸ், நடக்கிறது. டயாலிசேட் (டயாலிசிஸ் திரவம்) கால்சியம் இல்லாதது. ஃபில்டருக்குப் பின் எடுத்த அயனி கால்சியம் (எதனோடும் பிணையாத கால்சியம்) லிட்டருக்கு 0.32 மில்லிமோல். நோயாளியின் அயனி கால்சியமோ 1.06-இலிருந்து 0.86-க்கு இறங்கிவிட்டது, கால்சியம் குளுக்கோனேட் டிரிப்பைக் கூட்டியும் ஏறவில்லை. ஆனால் மொத்த கால்சியம் டெசிலிட்டருக்கு 10.2 மி.கி. என்றும், அது இயல்பு என்றும் ஆய்வகம் அச்சிட்டு அனுப்பியிருக்கிறது. டிரிப்பை இன்னும் கூட்டுவதா, மொத்த அளவு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவதா?

ஊட்டி, மயக்கவியல் மருத்துவர்:
சிஸ்டர், முதலில் சாம்பிளைச் சரிபாருங்கள். நோயாளியின் சாம்பிள் ஆர்ட்டீரியல் லைனிலிருந்துதான் (தமனியில் போட்ட குழாய்) எடுக்கப்பட்டதா? சிரிஞ்சில் திரவ ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அதிகம் தங்கியிருந்தால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். மெக்னீசியமும் பாருங்கள், சிட்ரேட் அதையும் இழுத்துக்கொள்ளும், அது குறைந்திருந்தால் கால்சியம் எளிதில் ஏறாது.

கோத்தகிரி, பயிற்சி மருத்துவர்:
கால்சியம் பிணையும் இரத்தப் புரதமான ஆல்புமின் குறைவாக இருந்தால் மொத்த கால்சியத்தை அதற்கேற்பத் திருத்திப் பார்க்க வேண்டாமா?

கோவை, சிறுநீரக மருத்துவர்:
இங்கே அந்தத் திருத்தம் வேண்டாம், டாக்டர். இரண்டு கால்சியத்தில் ஒன்றை நம்பி மற்றொன்றை ஒதுக்குவதும் கூடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் செய்தி. 10.2-ஐ 4-ஆல் வகுத்தால் 2.55 மில்லிமோல், அதை 0.86-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3. இந்த விகிதம் 2.5-ஐத் தாண்டினால் சிட்ரேட் உடலில் தேங்குகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். கல்லீரலும் தசையும் சிட்ரேட்டை எரித்து, ஒரு மூலக்கூறுக்கு மூன்று பைகார்பனேட் வீதம் தர வேண்டும். அதிர்ச்சி நிலையில் அந்த வேலை நின்றுபோவதால், நீங்கள் ஏற்றும் கால்சியம் சிட்ரேட்டோடு பிணைந்தே இரத்தத்தில் சுற்றுகிறது. ஆய்வகக் கருவி அதையும் சேர்த்து எண்ணி ‘இயல்பு’ என்கிறது. ஏபிஜியும் (தமனி இரத்த வாயு பரிசோதனை) லாக்டேட்டும் எப்படி இருக்கின்றன?

குன்னூர், ஐசியு செவிலியர்:
நன்றி டாக்டர். புதிய சிரிஞ்சில், ஆர்ட்டீரியல் லைனிலிருந்தே மறுபடி எடுத்தோம், 0.87 வந்தது. மெக்னீசியம் இயல்பு. பிஎச் 7.24, பைகார்பனேட் 15, லாக்டேட் 5.8, சோடியம் 138, குளோரைடு 98. மானிட்டரில் க்யூடி (ஈசிஜியில் அளக்கும் ஒரு இடைவெளி) நீண்டிருப்பதாக டியூட்டி டாக்டர் சொல்கிறார். சிட்ரேட்டை நிறுத்திவிடலாமா என்று கேட்கச் சொன்னார்.

கோவை, சிறுநீரக மருத்துவர்:
எதிர்மின் அயனி இடைவெளி (ஆனயன் கேப்: 138 − 98 − 15) 25. லாக்டேட் மட்டும் அதை விளக்காது. இலேசான தேக்கமாக இருந்தால் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, அதனோடு சிட்ரேட்டையும் குறைத்து, டயாலிசேட்டைக் கூட்டிச் சிட்ரேட்டை வெளியேற்றலாம். இந்த நோயாளியிடம், லாக்டேட்டும் கல்லீரலும் இப்படி இருக்கையில், நான் நிறுத்தச் சொல்வேன். அதுவரை கால்சியம் டிரிப்பை நிறுத்தாதீர்கள், 0.86 இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆபத்தான அளவு.

நிறுத்தும்போது கவனம் தேவை. சிட்ரேட்டை மட்டும் நிறுத்திவிட்டு, கால்சியம் இல்லாத டயாலிசேட்டைத் தொடர்ந்தால் கால்சியம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே கால்சியம் உள்ள பைக்கு அதே நேரத்தில் மாற்றுங்கள். மாற்றியபின் பழைய வேகத்திலேயே டிரிப் ஓடினால், தேங்கிய சிட்ரேட் எரிய எரிய அதிலிருந்து விடுபடும் கால்சியமும் சேர்ந்து அளவை மிகையாக ஏற்றிவிடும். அயனி கால்சியத்தை அடிக்கடி பார்த்தே டிரிப்பைக் குறையுங்கள். ஹெப்பாரின் தரலாமா என்பதைப் பிளேட்லெட் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்க்ரப் டைபஸில் அது குறைந்திருக்கக்கூடும்.

ஊட்டி, மயக்கவியல் மருத்துவர்:
ஒன்று சேர்க்கிறேன். குளுக்கோனேட் தீர்ந்து குளோரைடுக்கு மாறினால் அதே மில்லியைப் போட்டுவிடாதீர்கள்: 10 சதவீதத்தில் 10 மில்லி குளுக்கோனேட்டில் ஏறக்குறைய 2.3 மில்லிமோல், குளோரைடில் 6.8. மேட்டுப்பாளையம் வழியே நோயாளியை இறக்க நேர்ந்தால், சர்க்யூட்டைப் பிரித்ததும் கால்சியம் டிரிப் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், ஓடினால் நிறுத்துங்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் ஒருமுறை அயனி கால்சியம் பார்த்துவிடுங்கள், வழியில் அதைப் பார்க்க முடியாது.