புதிய கருவி சந்தைக்கு வரும்போது சிறு கேம் உருவாக்குநர்களுக்கு என்ன நேர்கிறது? – அனுபவப் பகிர்வு

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

புதிய கருவி ஒன்று அறிவிக்கப்பட்டதும் அதன் சிப்பின் வேகமும் திரையின் தெளிவும்தான் எல்லோர் பேச்சிலும் அடிபடுகின்றன. இரண்டே பேராகக் கேம் உருவாக்கும் எங்களுக்கு எழும் கேள்வி வேறு. ஏற்கெனவே விற்பனையில் உள்ள எங்கள் கேம் அந்தக் கருவியில் அப்படியே ஓடுமா, அல்லது அதற்கென்று மாதக்கணக்கில் தனியாக உழைக்க வேண்டியிருக்குமா என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்க்கிறோம். அந்த அளவுகோலில் பார்த்தால், அண்மைக் காலத்தில் சிறு உருவாக்குநர்களுக்கு உண்மையான நன்மை செய்த கருவி, கையில் பிடித்து விளையாடும் கணினியான ஸ்டீம் டெக் என்பது என் உறுதியான கருத்து.

வால்வ் நிறுவனம் அதை 2022 பிப்ரவரி இறுதியில் வெளியிட்டது. அதன் உள்ளே இருப்பது லினக்ஸ் இயங்குதளம். ஆயினும் விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம்களைப் புரோட்டான் என்னும் இடைமென்பொருள் லினக்ஸில் ஓடச் செய்வதால், லினக்ஸ் பதிப்பே இல்லாத எங்கள் புதிர் விளையாட்டும் நிரலில் ஒரு வரிகூட மாற்றாமல் அதில் திறந்தது. திறப்பது வேறு, வசதியாக விளையாட முடிவது வேறு என்பதால், வால்வ் ஒவ்வொரு கேமையும் சோதித்து, முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது, சில குறைகளுடன் விளையாடலாம், ஆதரவில்லை என்று வகைப்படுத்துகிறது. முழுத்தகுதி பெற வேண்டுமானால் கண்ட்ரோலரை மட்டும் கொண்டு எல்லாத் திரைகளையும் கடக்க முடிய வேண்டும். திரையில் காட்டப்படும் பொத்தான் குறிகள் கையில் இருக்கும் பொத்தான்களோடு பொருந்த வேண்டும். 1280க்கு 800 என்ற அந்தத் திரையில் எந்த எழுத்தும் 9 பிக்சல் உயரத்துக்குக் கீழே போகக் கூடாது.

எங்கள் கேம் முதலில் இரண்டாம் வகையில்தான் வந்தது. சுட்டியை ஒரு பொருளின் மீது நிறுத்தினால் விளக்கப் பெட்டி தோன்றும்படி அமைத்திருந்தோம். கண்ட்ரோலரில் அப்படி நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. அந்த விளக்கங்களை ஒரு பொத்தானுக்கு மாற்றுவது, ஒரு புதிய கட்டத்தை வடிவமைப்பதைவிட அதிக வேலை வாங்கியது. ஏனெனில் எந்தப் பொருள் தேர்வில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு திரையிலும் காட்ட வேண்டியிருந்தது.

தமிழ் வசனம் உள்ள கேம்களுக்கு எழுத்தளவு தனியான சிக்கலாகும். ஆங்கிலப் பெரிய எழுத்து 9 பிக்சலில் தேறிவிடும். தமிழில் அந்த உயரத்தில் ‘னு’வும் ‘ணு’வும் ஒரே கறையாகத் தெரிகின்றன, மேற்புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை. ஆகவே தமிழுக்கென்று தனியாகப் பெரிய அளவு ஒன்றை வைத்தோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வசனப் பெட்டிகளையும் அகலப்படுத்த வேண்டியதாயிற்று. கேம் உருவாக்கும் மென்பொருளான (எஞ்சின்) யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, கொம்பைத் தானாக எழுத்துக்கு முன்னால் இடம் மாற்றாது. நாமே வரிசையை மாற்றி அனுப்ப வேண்டும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 என்னும் எஞ்சின் இதைத் தானே சரியாகச் செய்கிறது. தமிழில் கேம் செய்ய நினைப்பவர்கள் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியாவில் வால்வ் இந்தக் கருவியை நேரடியாக விற்பதில்லை. இறக்குமதி செய்து விற்பவர்களிடம் கிடைப்பது அமெரிக்க விலையைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே லினக்ஸ் நிறுவிய கணினியில் சாளரத்தை 1280க்கு 800 என்று வைத்து, கண்ட்ரோலரை இணைத்து, ஆறடி தள்ளி உட்கார்ந்து சோதித்தோம். எழுத்தும் பொத்தான்களும் இப்படியே சரியாகிவிடும். சூடேறுவதையும் மின்கலம் தீர்வதையும் மட்டும் கருவியில்தான் அறிய முடியும். அதற்கு வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரின் கருவி உதவியது. முழுத்தகுதிக்கான பச்சைக் குறி கிடைத்த பிறகு, முன்பே வாங்கி மறந்திருந்தவர்கள் பலர் மீண்டும் விளையாடத் தொடங்கியதை மதிப்புரைகளில் கண்டோம். அந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்லிவிட முடியாது.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று கோவை நண்பருக்குக் கிடைத்த தேர்வு, கைபேசியில் கேம் செய்யும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. புதிய கைபேசியும் புதிய இயங்குதளமும் வந்தால் நாங்கள் மாறியே தீர வேண்டும், இல்லையேல் எங்கள் கேம் செயலிக் கடையிலிருந்து மெல்ல மறைந்துவிடும். 2017 செப்டம்பரில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 11, பழைய 32 பிட் முறையில் அமைந்த செயலிகளை இயக்குவதை நிறுத்தியபோது, உருவாக்கியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்ட எத்தனையோ சிறிய, அருமையான கேம்கள் புதிய கைபேசிகளில் திறக்கப்படாமலேயே போயின. இதை நான் இன்றும் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். அதே ஆண்டு நவம்பரில் ஐபோன் எக்ஸ் திரையின் மேல் நடுவில் ஒரு வெட்டுடன் வந்தது. ஓரங்களில் வைத்திருந்த மதிப்பெண்களையும் பொத்தான்களையும் பாதுகாப்பான பகுதிக்குள் நகர்த்தும் வேலை அன்று தொடங்கியது, இன்றுவரை ஒவ்வொரு புதிய வடிவத்துக்கும் தொடர்கிறது.

ஆண்ட்ராய்டில் அண்மைச் செய்தி, நினைவகத்தை இயங்குதளம் பிரித்துக் கையாளும் துண்டான ‘பக்கத்தின்’ அளவு பற்றியது. புதிய கருவிகள் 4 கிலோபைட் பக்கங்களிலிருந்து 16 கிலோபைட்டுக்கு மாறுவதால், ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பை இலக்காகக் கொண்ட புதிய செயலிகளும் அப்டேட்டுகளும் 2025 நவம்பர் 1 முதல் அதற்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று கூகுள் பிளே விதித்தது. கோட்லின் என்னும் நிரல்மொழியில் மட்டும் எழுதப்பட்ட செயலிகளுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. கேம்களில் எஞ்சினும் செருகுநிரல்களும் சி++ மொழியில் எழுதிய நூலகங்களாக (ஆயத்த நிரல் தொகுப்புகளாக) இருப்பதால் அனைத்தையும் மீண்டும் தொகுக்க வேண்டும். எஞ்சினைப் புதுப்பித்ததும் எங்கள் பகுதி முடிந்தது. ஆனால் நாங்கள் பயன்படுத்திய விளம்பரச் செருகுநிரலை அதன் நிறுவனம் உரிய காலத்தில் மாற்றித் தராததால், அதை நீக்கிவிட்டுத்தான் அப்டேட்டை வெளியிட முடிந்தது. அந்த வருமானம் குறைந்தது. ஆனால் கடையில் எங்கள் கேம் நிலைத்தது. மூல நிரல் நம் கையில் இல்லாத எந்த நூலகத்தையும் சேர்ப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கேமை விளையாடுபவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகள் பழைய, நினைவகம் குறைந்த கைபேசிகளையே வைத்திருக்கிறார்கள். புதிய கைபேசியின் வரைகலை ஆற்றலுக்காக உழைப்பதைவிட, அவர்களிடம் கேம் தடுமாறாமல் ஓடச் செய்வதே எங்களுக்கு முதன்மையானது.

சிங்கப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

புதிய கருவிக்கு மட்டுமே உரிய கேம் ஒன்றைச் செய்து தருமாறு அழைப்பு வருவது மூன்றாவது வகை அனுபவம். முன்பணத்தைக் கண்டு உடனே ஒப்புக்கொள்ளத் தோன்றும். தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் ஊயா என்ற கருவியை நினைத்துப் பாருங்கள். 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்னும் கூட்டுநிதித் தளத்தில் 85 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டி, 2013இல் 99 டாலர் விலைக்குக் கடைக்கு வந்தது. 2019 ஜூனில் அதன் சேவையே மூடப்பட்டது. டவர்ஃபால் என்ற கேம் முதலில் அதில் மட்டுமே வந்தது. 2014இல் பிளேஸ்டேஷன் 4க்கும் கணினிக்கும் செல்ல முடிந்ததால் தப்பியது. இணையம் வழியே கேம் விளையாடத் தந்த கூகுள் ஸ்டேடியா சேவையும் 2023 ஜனவரியில் மூடப்பட்டது.

எங்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தபோது இரண்டு விதிகளை ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம். வெளியீட்டு நாள் வரை காத்திருக்காமல், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓடும் நிலையில் உள்ள பதிப்பை ஒப்படைத்தவுடன் பணம் தர வேண்டும் என்பது ஒன்று. கருவி தள்ளிப்போனாலோ அதன் கடை மூடப்பட்டாலோ அந்தக் கருவிக்கு மட்டுமே என்ற உரிமை அந்நாளோடு முடிந்துவிடும் என்பது மற்றொன்று. கருவி வெளிவரவே இல்லை. ஆனாலும் செய்த வேலைக்குப் பணம் வந்தது, கேமும் எங்களுடையதாகவே இருக்கிறது.

எல்லாச் சிறு கருவிகளும் அப்படியல்ல. பேனிக் நிறுவனம் 2022 ஏப்ரலில் அனுப்பத் தொடங்கிய பிளேடேட், 400க்கு 240 பிக்சலில் கறுப்பு வெள்ளைத் திரையும் பக்கத்தில் சுழற்றும் கைப்பிடி ஒன்றும் கொண்டது. அதற்குக் கேம் உருவாக்க உதவும் மென்பொருள் தொகுப்பு இலவசம். அந்தக் கருவியைப் போலச் செயல்படும் மென்பொருளில் கேமைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பெரிய கலைக்குழு இல்லாதவருக்குப் பொருத்தமான அளவு அது. கைப்பிடியை நம்பிச் செய்த கேமை வேறு கருவிக்குக் கொண்டு செல்வது கடினம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

கோவை உறுப்பினர் மறுமொழி:

சிங்கப்பூர் நண்பர் கூறிய இரண்டாம் விதியை, இப்போது பேசிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி எங்கள் வழக்கறிஞருக்கு எழுதிவிட்டேன், மிக்க நன்றி. 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த, தொலைக்காட்சியோடு இணைக்கும் ஸ்டீம் மெஷினும், டெக்கில் உள்ள அதே லினக்ஸ் வகை இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ்ஸில்தான் இயங்குகிறது. தொலைக்காட்சிக்கு எதிரே தள்ளி அமர்ந்து விளையாடுவோருக்கும் பெரிய எழுத்தும் கண்ட்ரோலர் வசதியும் தேவை என்பதால், டெக்குக்காகச் செய்த வேலை அங்கும் அப்படியே பயன்படும். யாராவது தமிழ் வசனத்துடன் தொலைக்காட்சியில் சோதித்திருந்தால், எந்த எழுத்தளவில் தெளிவாகத் தெரிந்தது என்பதை இங்கே எழுதுங்கள்.