புதுப்பிப்பு: கிரகரி வாவி அடையல் நீரில் சேதனக் காபன் அளவு மாறிக்கொண்டே வந்த சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. நுவரெலியா கிரகரி வாவி அடையலிலிருந்து (அடியில் படிந்த சேற்றிலிருந்து) பிரித்த நீரில், ஒரே மாதிரியிலும் கரைந்த சேதனக் காபன் வெவ்வேறாக வருகிறது என்று கேட்டிருந்தேன்.

வடிதாளைச் சந்தேகிக்கச் சொன்ன யோசனைதான் சரி. செலுலோஸ் அசிற்றேற் தாளிலிருந்தே காபன் கசிந்தது. காய்ச்சி வடித்த நீரை விட்டாலும் அளவு காட்டியது. இப்போது 450 பாகை செல்சியஸில் 4 மணி நேரம் சுட்ட கண்ணாடி நார்த் தாள். முதலில் வடியும் 20 மில்லிலீற்றரைக் கொட்டிவிடுகிறேன்.

எதிர்பாராதது நீரில் கரைந்திருந்த இரும்பு. தெளிவாக வடிந்த நீர் காற்றுப் பட்டதும் துருநிறமாகக் கலங்கி, சேதனப் பொருளையும் இழுத்துக்கொண்டு போத்தலின் அடியில் படிந்தது. நைதரசன் நிரப்பிய பைக்குள் வடித்து, உடனே ஐதரோகுளோரிக் அமிலத்தால் பீஎச் 2க்கு இறக்குங்கள். சேதனப் பொருளை மதிப்பிட அளக்கும் 254 நனோமீற்றர் புறவூதா ஒளி உறிஞ்சலை இரும்பும் கூட்டிக் காட்டும். இரும்பைத் தனியே அளந்து அதன் பங்கைக் கழிக்கவேண்டும்.