சாரணர் பயிற்சிக்கு மொட்டை மாடி போதுமா, காட்டுக்குப் போகணுமா?

வேளச்சேரிவாசி:
கோடை லீவுக்குப் பத்து, பதினோரு வயசுப் பிள்ளைங்களைக் காட்டு முகாமுக்கு அனுப்பறதை நான் எதிர்க்கறேன். முடிச்சு, கூடாரம், திசை, முதலுதவி எல்லாமே மொட்டை மாடியிலயே கத்துக்கலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில காட்டுத்தீயில் சிக்கின மலையேற்றக்காரங்கள்ல சென்னையிலிருந்து போனவங்களும் உண்டு. புல் காஞ்சு கிடக்கிற மாசத்துல பிள்ளைங்களை அங்க ஏன் நிறுத்தணும்?

தாம்பரம் சாரணி:
முடிச்சு வரைக்கும் சரி சார். திசையை மட்டும் மாடியில சொல்லிக் கொடுக்காதீங்க. கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி காம்பஸ் முள்ளை இழுக்கும். கைப்பிடிச் சுவர் ஓரமா நாலஞ்சு இடத்துல வெச்சுப் பாருங்க, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு வடக்கு காட்டும். டேங்க் ஸ்டாண்டும் பாக்கெட்டுல இருக்கிற செல்போனும் வேற சேர்ந்துக்கும். கடைசியில பிள்ளை கருவியையே நம்பாம போயிடும்.

வேளச்சேரிவாசி:
அதுக்குக் காடு எதுக்கு மேடம்? பீச்சுல மணல் இருக்கு, வெயில் இருக்கு. குச்சி நட்டு நிழலை வெச்சே திசை பார்க்கலாமே. நண்பகல் நிழல் வடக்கே விழும்னு எல்லாக் கையேட்டுலயும் இருக்கு.

குரோம்பேட்டை கயிறு:
அந்தக் கையேடு குளிர்நாட்டுக்கு எழுதினது சார். சென்னை 13 பாகை அட்சரேகையில இருக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வெயில் நம்ம தலைக்கு வடக்கே போயிடும், நிழல் தெற்கே விழும். மே நடுவில் ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் சுமார் 10 செ.மீ. தான். அதனால பன்னிரண்டு மணியை ஒட்டி நிழல் நுனியில ஒரு கல் வைங்க. இருபது நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு. முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இது எந்த மாசத்துக்கும் பொருந்தும். குச்சி மட்டும் சாயக் கூடாது, தரையும் சமமா இருக்கணும்.

கூடாரத்துக்கு பீச் ஒத்து வராது. மணல்ல கூடாரக் கயிறு கட்டற முளை நிக்காது, காத்து ஒரு உலுக்கு உலுக்கினா பிடுங்கிட்டு வந்துடும். பையில மணல் நிரப்பி, கயிறைக் கட்டி ஒன்றரை அடி ஆழத்துல புதைச்சாத்தான் பிடிக்கும்.

தாம்பரம் சாரணி:
இடம் பார்க்கிற கண்ணு மாடியில வராது, அதான் என் வாதமே. மேலே பட்டுப்போன கிளை தொங்குதா? வறண்ட ஓடைன்னு நம்பி நடுவுல கூடாரம் போட்டா, எங்கயோ மலையில பெய்ஞ்ச மழை ராத்திரி அதுலதான் இறங்கி வரும். தரையில இலைதழை வரிசையா ஒதுங்கிக் கிடந்தா தண்ணி அதுவரைக்கும் ஏறியிருக்குன்னு அர்த்தம். நேர்ல காட்டாம இதை எப்படிப் புரிய வைப்பீங்க? தீ மூட்டறதை மைதானத்துல வெச்சுக்கலாம், காப்புக்காட்டுல அது குற்றம். காட்டுக்கு ஜனவரியில, வனத்துறை அனுமதியோட, அவங்க அனுப்பற ஆளோட போகட்டும்.

வேளச்சேரிவாசி:
ஜனவரின்னா யோசிக்கலாம். மே மாசம் கூடவே கூடாது, அதுல மாற்றமில்லை. போறதுக்கு முன்னாடி ஒரு தேர்வு வைங்க. ஆளுக்கு இரண்டு மீட்டர் பருத்திக் கயிறு, நைலான் வேண்டாம், வழுக்கும். கண்ணைக் கட்டிக்கிட்டு ரீஃப் நாட், அதாவது ஒரே தடிமன் கயிறு நுனி ரெண்டை இணைக்கிற முடிச்சு, போடணும். நுனி ரெண்டும் கயிறோடு ஒட்டிப் படுக்காம குறுக்கே நீட்டினா அது தப்பு முடிச்சு, இழுத்தா நழுவிடும். தடிமன் வேறான ரெண்டு கயிறை இணைக்க ஷீட் பெண்ட்னு ஒரு முடிச்சு. இது ரெண்டும் கை தானா போடற வரைக்கும் பஸ் ஏற வேண்டாம்.