ஃபர்சரி கில்லி: குஞ்சுகள் நீந்தாமல் அடியிலேயே இழைகின்றன, ஏன்?

கேள்வி:
நோத்தோபிராங்கியஸ் ஃபர்சரி (கில்லி வகைச் சிறு மீன்) முட்டைகள், பீட் மாஸில் (மக்கிய பாசித் தூள்) 8 வாரம், 22 டிகிரி செல்சியஸில் இருந்தவை. 27 டிகிரி தண்ணீரை 10 செ.மீ. ஆழத்துக்கு ஊற்றியதில் பாதிகூடப் பொரிக்கவில்லை. பொரித்தவற்றிலும் பல வயிற்றால் தரையில் இழைகின்றன. இவை தேறுமா? மிச்ச முட்டைகளைக் கொட்டிவிடலாமா?

பதில் 1:
கொட்டாதீர்கள். இழையும் குஞ்சுகளுக்கு, மிதக்க உதவும் காற்றுப்பை நிரம்பவில்லை. ஓரிரு நாளில் மேலே எழாதவை பெரும்பாலும் தேறுவதில்லை. அவற்றை இனப்பெருக்கத்துக்கு வைக்க வேண்டாம். கரு முதிருமுன் நனைத்தாலும், முதிர்ந்து வெகுநாள் கழித்து நனைத்தாலும் இப்படி ஆகும். அதனால் வாரக் கணக்கை விட்டுவிட்டு முட்டையைப் பாருங்கள். 10 மடங்கு லென்ஸில் பெரிய கண்ணும், கருமணியைச் சுற்றிப் பொன் வளையமும் தெரிந்தால் தயார். அடுத்த முறை அகலத் தட்டில், 16–18 டிகிரி நீர், 3–4 செ.மீ. ஆழம் போதும்.

பதில் 2:
பாதி பொரிக்காததற்கு 22 டிகிரி ஒரு முக்கியக் காரணம். ஆனால் இந்த மீனின் ஊரைத் தெரிந்துகொண்டால் அது கோளாறாகவே தோன்றாது. தென்கிழக்கு சிம்பாப்வேயின் கொனரெசூ பகுதியும் தெற்கு மொசாம்பிக்கும்தான் இதன் இடம். அங்கே மழையில் மட்டும் நிரம்பும் குட்டைகள், அடியில் ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிய களிமண், கலங்கிய நீர். சில வாரமோ சில மாதமோ தண்ணீர் நிற்கும். அதற்குள் வளர்ந்து முட்டையிட வேண்டும். இயற்கையில் 14 நாளிலேயே பருவமடைவது பதிவாகியிருக்கிறது. குட்டை வற்றினால் மீன் சாகும், முட்டை மண்ணில் கிடக்கும்.

முதல் மழை ஏமாற்றிவிட்டால்? எல்லா முட்டையும் அன்றே பொரித்திருந்தால் அந்தக் குட்டையில் இனமே அற்றுப்போகும். அதனால்தான் கரு மூன்று கட்டங்களில் உறங்கக்கூடியது, விதை உறக்கம் போல. உறுப்புகள் முழுதாய் உருவாகுமுன் வரும் இரண்டாம் உறக்கம்தான் நீளமானது. குளிர்ச்சி அதை நீட்டும். 28 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பல கருக்கள் அதைத் தாண்டிப் போய்விடும். உங்கள் மிச்ச முட்டைகள் தெளிவாக இருந்தால் உறங்குகின்றன என்று கொள்ளுங்கள். வெள்ளையாக மங்கியவை மட்டுமே செத்தவை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மிச்ச முட்டைகளை மறுபடி உலர்த்தி வைக்கும்போது ஈரம் எவ்வளவு? பீட்டுக்குப் பதில் தென்னைநார்த் தூள் ஆகுமா?

பதில் 3:
மெல்லிய துணியில் வடித்து, சொட்டுவது நிற்கும் வரை மெதுவாகப் பிழிந்து, செய்தித்தாளில் சில மணி நேரம் பரப்புங்கள். புட்டு மாவுப் பதம் வேண்டும்: பிடித்தால் கட்டி, விரலால் தொட்டால் உதிரணும். இதைவிட ஈரமானால் பூஞ்சை. காய்ந்தால் முட்டை குழிந்துவிடும். கொஞ்சம் காற்றோடு பாலித்தீன் பையில் கட்டி, தேதி எழுதி 26 டிகிரியில் வையுங்கள். மூன்று வாரத்துக்குப் பின் வாரம் ஒருமுறை லென்ஸில் பாருங்கள்.

தென்னைநார்த் தூள் ஆகும். ஆனால் கடையில் வாங்கியதில் உப்பும் சாயமும் இருக்கும். கொதிக்க வைத்து, நீர் தெளியும் வரை அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.

இப்போது நீந்தும் குஞ்சுகளுக்கு முதல் நாளே புதிதாய்ப் பொரித்த ஆர்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்), தினம் இரண்டு மூன்று வேளை. மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள், அழுகினால் ஒரே இரவில் எல்லாம் போகும். 5 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி அயோடின் சேராத உப்பு போட்டால், நோத்தோபிராங்கியஸ் மீன்களை அதிகம் தாக்கும் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய் மட்டுப்படும்.