சனிக்கிழமை வாய்ப்பாடும் பொது அறிவும்: அதே ரெண்டு பிள்ளையள்தான் ஒவ்வொரு கிழமையும் வெல்லுதுகள், என்ன செய்யலாம்?

உப்புவெளி அம்மா

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஒழுங்கையில தரம் 3, 4, 5 படிக்கிற பிள்ளையள் கொஞ்சப் பேரைச் சேத்து சனிக்கிழமை பின்னேரத்தில வீட்டு விறாந்தையில பெருக்கல் வாய்ப்பாடும் பொது அறிவும் நடத்திக்கொண்டு வாறன், காசு ஒண்டும் வாங்கிறதில்ல, டியூசன் எண்டும் சொல்ல ஏலாது, போனைப் பாத்துக்கொண்டு கிடக்காம ஒரு மணித்தியாலம் வந்து இருந்தாலே போதும் எண்டுதான் தொடங்கினது. முதல் அரை மணித்தியாலம் பெருக்கல், பிறகு கேள்வி பதில். ஆர் முதல்ல கையை உயத்துறாங்களோ அவங்களுக்குப் புள்ளி, கூடப் புள்ளி எடுத்த ஆளுக்கு ஒரு பென்சில்.

இப்ப என்ன பிரச்சினை எண்டா பென்சில் எல்லாம் அதே ரெண்டு பேருக்குத்தான் போகுது. மத்ததுகள் கேள்வி கேட்டா என்ர முகத்தைப் பாக்கிறதே இல்ல, சுவரைப் பாக்குதுகள். தெரியாம இல்ல, தனியாக் கூப்பிட்டுக் கேட்டா சொல்லுதுகள்.

இன்னொண்டு, எல்லாரும் வாய்ப்பாட்டை ராகத்தோட நல்லாச் சொல்லுவினம், ஓரேழு ஏழு ஈரேழு பதினாலு எண்டு போய்க்கொண்டே இருக்கும், ஆனா நடுவில மறிச்சு ஏழெட்டு எவ்வளவு எண்டு கேட்டா திரும்ப ஓரேழில இருந்து ஏறி வந்துதான் பிடிக்குதுகள். பொது அறிவுக்கு நான் தரம் 5 புலமைப்பரிசில் சோதினையின்ர மாதிரி வினாத்தாளைப் பாத்துத்தான் கேக்கிறன், எனக்கே கொட்டாவி வருது. ஆரும் இப்பிடி நடத்தின ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ.

கிண்ணியா கணக்கு மாஸ்டர்

தங்கச்சி, நல்ல வேலை செய்றீங்க. முதல்ல அந்தக் கை உயத்துற முறைய நிப்பாட்டுங்க, மிச்சத்தைப் பிறகு பாப்பம். முதல்ல கை உயத்தினவனுக்குப் புள்ளி எண்டா மத்தப் புள்ளையள் யோசிக்கத் தொடங்கவே மாட்டாங்க, எப்பிடியும் அவன் சொல்லுவான்தானே எண்டு விட்டுருவாங்க. மூணு மூணு பேரா குழு பிரிங்க, ஒவ்வொரு குழுவிலயும் தரம் 3, 4, 5 கலந்து இருக்கணும். கேள்வியச் சொல்லி கொஞ்ச நேரம் குழுவுக்குள்ள கதைக்க விடுங்க, அதுக்குப் பிறகு சீட்டுக் குலுக்கி எந்தப் பேர் வருதோ அந்தப் புள்ளதான் பதில் சொல்லணும். இப்ப கெட்டிக்காரப் புள்ளைக்கும் பக்கத்தில இருக்கிற சின்னதுக்குச் சொல்லிக் குடுக்காம ஏலாது, ஏனெண்டா சீட்டு அதுக்கு விழுந்தா குழுவுக்குத்தான் நட்டம்.

அடுத்தது வாய்ப்பாடு. புள்ளையளுக்கு 10 வாய்ப்பாடு, ஒண்ணொண்டிலயும் 10 வரி, ஆக மொத்தம் 100 எண்டு பயம். உண்மையில 6×8 தெரிஞ்சா 8×6 தெரியும், அப்பிடிக் கழிச்சா 55தான். அதில 1, 2, 5, 10 எல்லாப் புள்ளைக்கும் வரும், அதையும் தூக்கினா மிச்சம் 21. 3, 4, 6, 7, 8, 9 இந்த ஆறு எண்ணும் தங்களுக்குள்ள பெருகுறது மட்டும்தான் அந்த 21, உக்காந்து எழுதிப் பாருங்க. 9க்கு விரல் மடிக்கிற வழி இருக்கு (ரெண்டு கையையும் விரிச்சு இடப்பக்கத்தில இருந்து நாலாவது விரல மடிச்சா இந்தப் பக்கம் 3 அந்தப் பக்கம் 6, அதான் 36), அதையும் எடுத்தா 15 மட்டும்தான் மிஞ்சும். அந்த 15ஐ ஒரு பிரிஸ்டல் மட்டையில எழுதிச் சுவரில ஒட்டி விடுங்க, நல்லாப் பழகினத ஒவ்வொண்டா வெட்டிக்கொண்டு வரலாம். புள்ளையள் தாங்களே வந்து வெட்டக் கேப்பாங்க.

ராகத்தோட சொல்றது வேணாம் எண்டு நான் சொல்லல, தொடக்கத்துக்கு அது நல்லம். ஆனா அதோட நிண்டா மாடிப்படி மாதிரித்தான், நடுப்படிக்குப் போக எப்பவும் கீழ இருந்துதான் ஏறணும். அதனால கலைச்சுக் கலைச்சுக் கேளுங்க, தலைகீழாவும் கேளுங்க, 56ல எத்தினை 8 இருக்கு எண்டு. 8ஆம் வாய்ப்பாடு வராத புள்ளைக்கு இரட்டிக்கச் சொல்லிக் குடுங்க: 7, 14, 28, 56. மூணு தரம் இரட்டிச்சா 8ஆல பெருக்கினதுதான்.

மூதூர் மீனவன் மகள்

அக்கா நான் ரீச்சர் இல்ல, ரெண்டு பிள்ளையளோட மல்லுக்கட்டுற ஆள். சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் மட்டும் செய்தா அடுத்த சனிக்கு முன்னம் மறந்து போகும், அதால வீட்டில ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிசம் எண்டு வையுங்கோ. நாங்கள் மூண்டு பால்மா டின் வச்சிருக்கிறம். துண்டு மட்டையில ஒரு பக்கம் 6×7 மறு பக்கம் 42. கேட்ட உடன சொன்னா மூண்டாவது டின், அது சனிக்கிழமைதான் வெளிய வரும். யோசிச்சுச் சொன்னா ரெண்டாவது டின், ஒண்டுவிட்டு ஒருநாள். பிழைச்சா முதலாவது டின், நாளைக்கே திரும்ப வரும். எது வருகுது எது வரேல்ல எண்டு பிள்ளைக்கே தெரியும், நாங்கள் கத்தத் தேவையில்ல.

பொது அறிவுக்கு வினாத்தாள் எதுக்கு, வீட்டுக்குள்ள கிடக்கிறதக் கேளுங்கோ. நண்டுக்குக் கொடுக்கையும் சேத்து 10 கால், அப்ப 7 நண்டுக்கு? கணவாய்க்கு எத்தினை கை எண்டு கேட்டால் எங்கட வீட்டில சண்டையே நடக்கும், ஒருத்தன் 8 எண்டுவான் மற்றவன் 10 எண்டுவான். குட்டைக் கை 8, இரை பிடிக்கிற நீளக் கை 2, மொத்தம் 10. சாக்குக் கணவாய்க்குத்தான் (ஒக்டோபஸ்) 8. ஆய்ஞ்சு பாத்த பிள்ளை மறக்காது.

நிலாவெளிப் பெரியவர்

பிள்ளை, இப்ப எல்லாரும் 12ஆம் வாய்ப்பாட்டோட நிக்கிறியள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில எண்சுவடி எண்டு ஒண்டு இருந்தது, முழு எண் மட்டுமில்ல, கால், அரை, முக்கால், மா, காணி, முந்திரி எல்லாத்துக்கும் வாய்ப்பாடு. மா எண்டா 20இல ஒண்டு, காணி 80இல ஒண்டு, முந்திரி 320இல ஒண்டு. ஒரு காணிக்கு எத்தினை முந்திரி எண்டு உங்கட தரம் 5 பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ, நாலு எண்டு சொல்லுதுகளோ எண்டு பாப்பம். பென்சில் பரிசெல்லாம் அப்ப இல்ல, பிரம்புதான். பிரம்பைத் திருப்பிக் கொண்டு வாங்கோ எண்டு சொல்லேல்ல.

தரம் 5 அப்பா

மன்னிக்கவும், எல்லாரும் விளையாட்டு விளையாட்டு எண்டு கதைக்கிறியள், புலமைப்பரிசில் சோதினைக்குப் போற பிள்ளைக்கு வேகம் வேணும். அங்க சீட்டுக் குலுக்கிப் பக்கத்துப் பிள்ளையோட கதைச்சு எழுத விடுவினமோ? நேரம் பிடிச்சு ஒரு தாளில 40 பெருக்கல் குடுத்துச் செய்விச்சாத்தான் சரிவரும். என்ர மகளுக்கு அப்பிடித்தான் வந்தது.

கிண்ணியா கணக்கு மாஸ்டர்

நேரம் பிடிக்கிறதில பிழை இல்ல நானா, ஆனா பதில் தெரியாத புள்ளைக்கு மணிக்கூட்டைக் காட்டினா பதில் வராது, பயம்தான் வரும். வந்ததுக்குப் பிறகு நேரம் பிடிங்க. அதையும் மத்தப் புள்ளையோட ஒப்பிட வேணாம், போன கிழமை அதே புள்ள ரெண்டு நிமிசத்தில எத்தினை சரி, இந்தக் கிழமை எத்தினை, அத மட்டும் கொப்பியில எழுதி வைங்க. 9ல இருந்து 14க்கு வந்த புள்ளைக்கும் பென்சில் குடுக்கலாம், 38 எடுத்தவனுக்குத்தான் எண்டு இல்ல. உங்கட மகள் கெட்டிக்காரி, மாஷா அல்லாஹ், ஆனா தங்கச்சி கேக்கிறது சுவரப் பாக்கிற புள்ளையப் பத்தி.

தங்கச்சி, பொது அறிவுக்கு நான் வகுப்பில செய்றதச் சொல்றன். பதில் ஒரு எண்ணா வாற கேள்வியாக் கேக்கிறது, பிறகு அந்த எண்ண வச்சே பெருக்கல். கன்னியாவில எத்தினை வெந்நீர்க் கிணறு? 7. ஒண்ணொண்டிலயும் 6 வாளி அள்ளிக் குளிச்சா? 42. இலங்கையில எத்தினை மாகாணம், எத்தினை மாவட்டம்? 9, 25. பெருக்குங்க, 225. பாராளுமன்றத்தில உறுப்பினரும் 225 பேர்தான்! இது தற்செயலா வந்ததுதான் எண்டும் சொல்லிருங்க, இல்லாட்டி ஒரு மாகாணத்துக்கு 25 பேர் எண்டு எழுதி வச்சிருவாங்க. 2009இல திறந்த எங்கட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99 எண்டு சொல்றாங்க, அத நாலால பெருக்கினா பாலத்து நீளம் வரும். 99ஐ எப்பிடி நாலால பெருக்கிற எண்டு கேளுங்க, 400ல 4 குறைச்சாச் சரி எண்டு ஒரு புள்ள கண்டுபிடிக்கும், அண்டைக்கு வகுப்பே களை கட்டும். பெரிய புள்ளையளுக்கு 365ஐ 7ஆல பிரிக்கக் குடுங்க, 52 கிழமை போக 1 நாள் மிச்சம். அதாலதான் இந்த வருசம் திங்கள் வந்த பிறந்த நாள் அடுத்த வருசம் செவ்வாய் வருது, இடையில பெப்ரவரி 29 வந்தா புதன். பொடியன்மாருக்கு கிரிக்கெட் போதும், 20 ஓவருக்கு எத்தினை பந்து எண்டு அவங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்கத் தேவையே இல்ல.

உப்புவெளி அம்மா

சேர், மூதூர்த் தங்கச்சி, ஐயா, எல்லாருக்கும் நன்றி. சீட்டுக் குலுக்கலும் 15 பெருக்கல் மட்டையும் வாற சனிக்கிழமையே தொடங்கிறன், டின் முறைய பிள்ளையளின்ர அம்மாமாருக்குச் சொல்லி விடுறன், ஆர் செய்வினம் ஆர் செய்யாயினம் எண்டு எனக்குத் தெரியும், பாப்பம். ஒரு சந்தேகம், தரம் 3 பிள்ளைக்குச் சீட்டு விழுந்து கேள்வி 7×8 எண்டு வந்தா என்ன செய்யிறது? அழுதிட்டா அடுத்த கிழமை வராது.

கிண்ணியா கணக்கு மாஸ்டர்

ஒரு கேள்விக்கு ரெண்டு துண்டு எழுதுங்க. சீட்டு சின்னப் புள்ளைக்கு விழுந்தா 7×2 கேளுங்க, பெரியதுக்கு விழுந்தா 7×8. புள்ளி ரெண்டுக்கும் ஒண்டுதான்.

மூதூர் மீனவன் மகள்

பென்சில் காணாட்டிச் சொல்லுங்கோ அக்கா, நான் ரவுணுக்கு வரேக்க ஒரு பெட்டி கொண்டந்து தாறன்.